ஆறிய புண்ணும் வேகாத கல்லும்

காளவாசல் முக்கில் இருக்கிற ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துத் தந்த பையன், கூடவே ஒரு டப்பாவையும் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தான். "அக்கா, இது கொலாஜன் பவுடர். நாப்பது தாண்டுன லேடீஸ் எல்லாம் இதத்தான் கேட்டு வாங்குறாங்க. பால்ல கலந்து குடிச்சா முகச் சுருக்கம் போயிரும்."

என் முகத்தை அவன் எப்போது படித்தான் என்று தெரியவில்லை. கோபம் வரவில்லை. பிழைப்புக்கு அவன் சொல்கிறான். டப்பாவைத் திருப்பி விலையைப் பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம். வைத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தச் சொல் கூடவே வந்தது. மறுநாள் ஓய்வறையில் உயிர்வேதியியல் துறைத் தோழியிடம் கேட்டேன். "கொலாஜனைச் சாப்பிட்டா அது நேரா தோலுக்குப் போயிருமா?" அவர் சிரித்தார். "அதுக்கு 1949லயே ஒரு பொம்பள பதில் சொல்லிட்டா மேடம். யாரும் அவளப் படிக்கல."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலிலிருந்து தொடங்கியது. தமிழ் இலக்கியம் படித்த எனக்கு வேதியியலில் சொந்த வீடு கிடையாது. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தத் தெருவுக்குள் நடந்தேன். நடந்த பிறகு, இது எனக்குப் பழக்கமான தெரு போலவே இருந்தது.

*

மதுரைப் பக்கம் செங்கல் சூளைக்குக் காளவாசல் என்றுதான் பெயர். இன்று எங்கள் காளவாசலில் மேம்பாலம் இருக்கிறது, பைபாஸ் ரோடு இருக்கிறது, துணிக்கடை இருக்கிறது. சூளை பெயரில் மட்டும் மிச்சம். என் அம்மாச்சி வேலை பார்த்த காளவாசல் நகரத்துக்கு வெளியே, கண்மாய்க் கரையில் இருந்தது. ஆண்கள் மண்ணைக் குழைத்து அச்சில் அறுத்துப் போடுவார்கள். காய்ந்த பச்சைக்கல்லைத் தலையில் அடுக்கிச் சூளைக்குச் சுமந்து போவது பெண்கள் வேலை. கூலி ஆண்களைவிடக் குறைவு. வானம் கறுத்தால் அம்மாச்சிக்கு வயிற்றைக் கலக்கும். "வேகாத கல்லு கல்லே இல்ல தாயி. பாக்கத்தான் கல்லு. ஒரு மழைக்குக் கூழாப் போயிரும்" என்பார்.

அச்சிலிருந்து வந்ததும் செங்கல்லுக்கு வடிவம் முழுதாக வந்துவிடுகிறது. நீளம், அகலம், கனம் எல்லாம் சரி. ஆனாலும் அதை வைத்துச் சுவர் எழுப்ப முடியாது. அச்சுக்குப் பிறகு அதன் மேல் நடக்கிற வேலைதான் அதைக் கல்லாக்குகிறது. புரதங்களின் கதையும் இதுதான் என்று தோழி சொன்னபோது எனக்கு அம்மாச்சியின் குரல் கேட்டது.

பள்ளியில் நமக்குச் சொன்ன கதை அச்சோடு முடிந்துவிடும். மரபணு ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கிறது. செல் அதைப் படித்து, இருபது வகை அமினோ அமிலங்களை அந்த வரிசையில் கோத்து ஒரு சங்கிலி செய்கிறது. அதுதான் புரதம். எல்லாம் எழுதியபடி நடக்கும் என்கிற தலையெழுத்துக் கதை போல. உண்மையில், கோத்து முடித்த சங்கிலி பல நேரம் வேலைக்கு ஆகாது. அதன் மேல் வேதி மாற்றங்கள் நடக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு சர்க்கரை ஒட்டும், இன்னோரிடத்தில் ஒரு பாஸ்பேட் ஏறும். சில புரதங்களில் ஒரு துண்டே வெட்டி எறியப்படும். அதன் பிறகுதான் அது நொதியாகவோ, ஹார்மோனாகவோ, தசைநாணாகவோ வேலை செய்யத் தொடங்கும். மாற்றம் நடந்த இடம் மாறினால் வேலையும் மாறும்.

தமிழ் மாணவிகளுக்கு இது புதிதல்ல. நன்னூல் விகாரப் புணர்ச்சியை மூன்றாகச் சொல்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேரும்போது ஓர் எழுத்து தோன்றிப் பூங்கொடி ஆகிறது. பொன்னும் குடமும் சேரும்போது ஓர் எழுத்து திரிந்து பொற்குடம் ஆகிறது. மரமும் வேரும் சேரும்போது ஓர் எழுத்து கெட்டு மரவேர் ஆகிறது. அகராதியில் இருக்கிற சொல் வேறு, வாக்கியத்துக்குள் வந்து உழைக்கிற சொல் வேறு. புரதங்களிலும் இந்த மூன்றும் நடக்கின்றன. இந்தக் கட்டுரை அதில் முதல் வகையான தோன்றலைப் பற்றியது. ஒரே ஓர் ஆக்சிஜன் அணு தோன்றுவது பற்றியது.

*

நம் உடலில் மிக அதிகமாக இருக்கிற புரதம் கொலாஜன். தோல், எலும்பு, பல்லீறு, ரத்தக் குழாய்ச் சுவர், தசைநாண், கர்ப்பப்பையின் வாய் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் கயிறு அதுதான். மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு. தோலிலும் எலும்பிலும் உள்ள வகையில் ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறத்தாழ ஆயிரம் கண்ணிகள். மூன்றில் ஒரு கண்ணி கிளைசின். ஏறத்தாழ பத்தில் ஒரு கண்ணி, வேறு புரதங்களில் அரிதாகவே காணக்கிடைக்கிற ஒன்று. அதன் பெயர் ஹைட்ராக்ஸிபுரோலின்.

ஆட்டுக்காலை மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அது கயிறு பிரிந்து இளகிய கொலாஜன். அதற்கு ஜெலட்டின் என்று பெயர். 1902இல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஜெலட்டினைச் சிதைத்து அதிலிருந்து ஹைட்ராக்ஸிபுரோலினைப் பிரித்தார். புரோலின் என்கிற சாதாரண அமினோ அமிலத்தின் மேல் ஓர் ஆக்சிஜன் கூடுதலாக ஏறி உட்கார்ந்திருப்பதுதான் அது. ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு குட்டிக் கொம்பு.

இந்தக் கொம்பு எப்போது முளைக்கிறது? சங்கிலி கோக்கும்போதே ஹைட்ராக்ஸிபுரோலினாக எடுத்துக் கோக்கிறார்களா, கோத்த பிறகு முளைக்க வைக்கிறார்களா? இதற்குத்தான் ஒரு பெண் பதில் சொன்னார். அவர் பெயர் மார்ஜரி ஸ்டெட்டன்.

நைட்ரஜனில் கொஞ்சம் எடை கூடிய ஒரு வகை உண்டு. அதை ஒரு மூலக்கூறில் வைத்துவிட்டால் அது உடலுக்குள் எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆட்டு மந்தையில் ஒரு குட்டியின் காதில் அடையாளம் போட்டு விடுவது போல. ஸ்டெட்டன் முதலில் ருடால்ஃப் ஷோன்ஹைமரோடு சேர்ந்து செய்த ஆய்வு 1944இல் வெளிவந்தது. அடையாளம் போட்ட புரோலினை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலியின் உடல் புரதத்தில் இருந்த ஹைட்ராக்ஸிபுரோலினில் அந்த அடையாளம் தென்பட்டது. 1949இல் அவர் தனியாக, தன் ஒரே பெயரில், அடுத்த கட்டுரையை வெளியிட்டார். இந்த முறை அடையாளம் போட்ட ஹைட்ராக்ஸிபுரோலினையே எலிகளுக்குக் கொடுத்திருந்தார். அது புரதத்துக்குள் போய்ச் சேரவே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவு. உடல் அதை உடைத்து வெளியேற்றிவிட்டது.

என்ன அர்த்தம்? கடையில் வேகவைத்த கல்லை வாங்கி வந்து கொடுத்தாலும் இந்தக் கொத்தனார் வாங்கமாட்டார். பச்சைக்கல்லைத்தான் வாங்குவார், தன் சூளையில் தானே வேகவைப்பார். புரோலினாகக் கோத்து, கோத்த பிறகுதான் உடல் அதன் மேல் ஆக்சிஜனை ஏற்றுகிறது. அச்சுக்குப் பிறகும் வேலை இருக்கிறது என்பதற்கு ஆரம்பகாலச் சாட்சிகளில் ஒன்று இது. மரபணு எழுத்தின் முதல் சொல்லையே 1961இல்தான் படித்தார்கள். ஸ்டெட்டன் அதற்கும் பன்னிரண்டு வருடம் முந்தியவர்.

மருந்துக்கடை டப்பாவுக்கு இப்போது வருகிறேன். கொலாஜன் பொடி வயிற்றில் போய்ச் செரித்து அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைகிறது. அந்தச் சிறு துண்டுகளால் தோலுக்குப் பலன் உண்டா என்று இன்னும் ஆராய்கிறார்கள், வாதிடுகிறார்கள். ஆனால் குடித்த கொலாஜன் நேராக முகத்துக்குப் போய்ச் சுருக்கத்தை நிரப்பும் என்கிற படம் பொய். அந்தப் பொடியின் தனி அடையாளமான ஹைட்ராக்ஸிபுரோலினை நம் உடல் தன் கயிற்றில் கோப்பதில்லை. ஒரு பெண் எழுபது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்ட விஷயத்தை மறைத்து, பெண்களிடமே ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்கிறார்கள்.

*

சூளைக்கு நெருப்பு வேண்டும். இந்தச் சூளைக்கு என்ன வேண்டும்?

1962இல் இரண்டு குழுக்கள், ஒன்று ஜப்பானில், ஒன்று அமெரிக்காவில், அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தன. தண்ணீரிலிருந்து அல்ல. காற்றிலிருந்து. நாம் மூச்சில் இழுக்கிற ஆக்சிஜனில் ஒரு பகுதி கொலாஜன் சங்கிலியில் போய் உட்கார்ந்து, தோலாகவும் எலும்பாகவும் ஆகிவிடுகிறது. இந்த வேலையைச் செய்கிற நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. வேலை நடக்க நடக்க அந்த இரும்பு துருப்பிடித்தாற்போல் நிலைமாறி முடங்கிவிடும். அதை மறுபடி பழைய நிலைக்குத் திருப்பி வேலைக்கு அனுப்புவது வைட்டமின் சி. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கிற அதே வைட்டமின் சி. பெரும்பாலான விலங்குகள் இதைத் தாமே செய்துகொள்ளும். மனித உடலுக்கு அந்தத் திறமை போய்விட்டது. தின்றுதான் ஆகவேண்டும்.

தின்னக் கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதைக் கடலோடிகள் உடம்பால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், தோலுக்கடியில் ரத்தம் கட்டும். ஸ்கர்வி என்று பெயர். 1740 முதல் 1744 வரை ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி உலகைச் சுற்றிய பயணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் இந்த நோயால். அந்தப் பயண நூலில் ஒரு செய்தி இருக்கிறது. ஐம்பது வருடங்களுக்கு முன்பு, 1690இல், ஒரு போரில் காயம்பட்டு ஆறிப்போயிருந்த ஒருவருக்கு, ஸ்கர்வி வந்ததும் அந்தப் பழைய புண்கள் ஆறாதவை போலத் திறந்துகொண்டன.

இதைத் தோழி சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறிய புண் என்று ஒன்று இல்லை. தழும்பில் இருக்கிற கொலாஜன் சிறிது சிறிதாகச் சிதைந்துகொண்டே இருக்கிறது, உடல் புதிதாக முறுக்கி வைத்துக்கொண்டே இருக்கிறது. ஐம்பது வருடமாக ஒவ்வொரு நாளும் யாரோ உட்கார்ந்து ஆற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை நின்றபோதுதான் அப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்ததே தெரிந்தது. சமைத்த பானை கழுவி வைத்திருப்பதும், மடித்த துணி அலமாரியில் இருப்பதும், அம்மா ஊருக்குப் போன மூன்றாம் நாள்தானே வீட்டில் தெரிகிறது.

என் அம்மாச்சிக்கு வேப்பங்குச்சி வைத்தால் ஈறில் ரத்தம் வரும். முழங்கையில் பட்ட காயம் மாதக் கணக்கில் ஆறாது. பல் நாற்பது வயதிலேயே விழுந்துவிட்டது. அது ஸ்கர்வி என்று நான் சொல்லவில்லை. எந்த மருத்துவரும் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, பார்க்கவும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டில் எல்லோரும் தின்ற பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றவர் அவர். பழம் என்று ஒன்று வந்தால் அது தாத்தாவுக்கும் மாமாக்களுக்கும் போகும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ரத்தசோகை வேறு, கொலாஜன் கோளாறு வேறு. ஒன்றை இன்னொன்றின் மேல் ஏற்றக் கூடாது. ஆனால் இரண்டும் ஒரே அடுப்படியில் தொடங்குகின்றன.

*

சாப்பாட்டில் இருக்கிற உயிர்ச்சத்துகளை ஆராய்ந்த இந்தியப் பெண்களில் ஒருவர் கமலா சொஹோனி. அப்போது அவர் கமலா பகவத். 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இளம் அறிவியல் பட்டத்தில் முதலிடம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் படித்த இடம் அது. இயக்குநர் சி.வி. ராமன் மறுத்துவிட்டார். காரணம், அவர் பெண். கமலா விடவில்லை. நேரில் போய் வாதாடினார். முடிவில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் வருடம் முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார், வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அவர் வந்திருப்பதால் அங்குள்ள ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதறக் கூடாது. அதாவது, அங்கே ஆண்களின் மனம் அலைபாய்ந்தால் அதற்கும் பொறுப்பு ஒரு பெண்.

அந்த வருடத்தை அவர் தாண்டினார். 1936இல் முதுகலைப் பட்டம். பிறகு கேம்பிரிட்ஜ். உருளைக்கிழங்கில் தொடங்கி, தாவரத் திசுக்களிலும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் உண்டு என்று காட்டினார். 1939இல் முனைவர் பட்டம். நாடு திரும்பி, தில்லியில் ஒரு கல்லூரியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, நம் நீலகிரியில், குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் துணை இயக்குநராக வேலை பார்த்தார். வைட்டமின்கள் அங்கே அவருடைய ஆய்வுப் பொருள். பின்னாளில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது அந்தக் கூடம்தான். மேலே போக வழியில்லை என்று தெரிந்ததும் குன்னூரை விட்டார். திருமணத்துக்குப் பிறகு பம்பாயில் பேராசிரியர். அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு நீரா. பனை வகை மரங்களின் புளிக்காத சாறு, நம் பதநீரின் உடன்பிறப்பு. ஊட்டம் குறைந்த பழங்குடிப் பதின்வயதினருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுத்து, உடல்நலம் தேறுவதைக் காட்டினார். அதற்குக் குடியரசுத் தலைவர் விருது கிடைத்தது. தான் வேலை பார்த்த அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலி மட்டும் சில வருடம் தாமதமாகவே கிடைத்தது.

கமலா கொலாஜனை ஆராயவில்லை. ஆனால் அவர் முட்டித் திறந்த கதவு வழியாகப் பின்னால் உள்ளே போன ஒரு பெண் ஆராய்ந்தார். அதற்கு முன் சென்னைக்குப் போக வேண்டும்.

*

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். ராமனின் மாணவர், வயது முப்பது. கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்பது பதப்படுத்திய கொலாஜன்தான். கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரே கதிரில் வைத்து எடுத்த படங்களை வைத்து, கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு என்று 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த வருடம் அதைத் திருத்தினார்கள். சங்கிலிகளை எத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகள் சேர்த்துப் பிடிக்கின்றன என்பதில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் அவர்களோடு மோதினார்கள். இந்தச் சண்டை எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. அதே 1955இல் அதே கேள்விக்கு லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்தும் ஒரு பதில் வந்தது. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் பாலின் கவன். ஒரு பெண். கொலாஜன் வரலாறு பேசும்போது அவர் பெயர் எப்போதாவதுதான் வரும்.

ஆனால் இந்த எல்லாப் படங்களிலும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அந்தக் குட்டிக் கொம்பு எதற்கு? இத்தனை மூச்சையும் இரும்பையும் நெல்லிக்காயையும் செலவழித்து உடல் எதற்காகப் பத்தில் ஒரு கண்ணியில் ஆக்சிஜனை ஏற்றுகிறது?

பதில் 1973இல் இரண்டு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்க்கும் டார்வின் புரோகாப்பும் ஓர் எளிய காரியம் செய்தார்கள். செல்லிலிருந்து இரும்பைப் பிடித்து அகற்றும் ஒரு பொருளைப் போட்டு, நொதியை முடக்கினார்கள். சங்கிலிகள் கோக்கப்பட்டன, கொம்பு முளைக்கவில்லை. அந்தக் கொலாஜனைச் சூடேற்றிப் பார்த்தார்கள். கொம்புள்ள கயிறு ஏறத்தாழ 39 டிகிரி வரை தாங்கியது. கொம்பில்லாத கயிறு 24 டிகிரியிலேயே பிரிந்துவிட்டது. நம் உடம்பின் வெப்பம் 37 டிகிரி. வேகாத கல் மழையில் கரைவது போல, வைட்டமின் சி இல்லாத உடம்பின் கொலாஜன் உடம்பின் சொந்தச் சூட்டிலேயே நிற்காது. சரியாக முறுக்கிக்கொள்ளாத சங்கிலிகள் செல்லை விட்டு ஒழுங்காக வெளியே வருவதும் இல்லை. ஈறும் தழும்பும் ஏன் திறக்கின்றன என்பதற்கு இருநூறு வருடம் கழித்துக் காரணம் கிடைத்தது.

அதே வருடம் பெங்களூரிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ராமச்சந்திரன் சென்னையை விட்டு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கியிருந்தார். கட்டுரையில் மூன்று பெயர்கள்: ஜி.என். ராமச்சந்திரன், மஞ்சு பன்சால், ஆர்.எஸ். பட்நாகர். நடுவில் இருப்பவர் அவருடைய முனைவர் பட்ட மாணவி. நாற்பது வருடம் முன்பு கமலாவை வாசலில் நிறுத்திய அதே வளாகம். அந்தக் குட்டிக் கொம்பு ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகச் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுகிறது, கயிறு அதனால் இறுகுகிறது என்பது அவர்களுடைய கருதுகோள். அடுத்தடுத்த வருடங்களில் மஞ்சு அதை விரித்து எழுதினார். பின்னாளில் அதே துறையில் பேராசிரியராகி, டிஎன்ஏ வடிவ ஆய்வில் பெயர் பெற்றார்.

அந்தக் கருதுகோள் அப்படியே வென்றது என்று எழுதினால் அது பொய்யாகும். 1994இல் ஜோர்டி பெல்லா, மார்க் ஈட்டன், பார்பரா பிராட்ஸ்கி, ஹெலன் பெர்மன் நால்வரும் கொலாஜன் போன்ற ஒரு சிறு கயிற்றைப் படிகமாக்கிப் பார்த்தபோது, கொம்புகளைச் சுற்றித் தண்ணீர் வலை கட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. 1998இல் ரொனால்ட் ரெயின்ஸ் குழு கொம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபுளோரினை வைத்தது. ஃபுளோரினால் அப்படித் தண்ணீர்ப் பாலம் போட முடியாது. கயிறோ இன்னும் உறுதியானது. ஆக, அந்தக் கொம்பு தன் கண்ணியையே சரியான கோணத்தில் வளைத்து வைப்பதுதான் முக்கியக் காரணம் என்றார்கள். தண்ணீர் இருக்கிறது, ஆனால் பாரம் முழுவதும் அதன் தோளில் இல்லை. ஒரு கேள்வியைச் சரியான இடத்தில் வைத்ததுதான் அந்த மூவரின் கொடை. பெண்களின் சாதனை என்று எழுதும்போது அவர்கள் எல்லாவற்றிலும் சரியாகவே இருந்தார்கள் என்று காட்டத் தேவையில்லை. ஆண்களின் வரலாற்றில் யாரும் அந்த நிபந்தனையை வைப்பதில்லை.

*

ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், இது கொலாஜனுக்கு மட்டும் நடந்ததா?" இல்லை. கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த சர்க்கரையை எடுத்துக் கொடுக்கும் பாஸ்பாரிலேஸ் என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். 1943இல் கெர்ட்டி கோரியும் ஆர்டா கிரீனும், இரண்டு பெண்கள், அது இரண்டு உருவில் இருப்பதைக் காட்டினார்கள். ஒன்று விழித்திருக்கும், ஒன்றுக்கு எழுப்புதல் தேவை. ஒன்றை இன்னொன்றாக மாற்றும் நொதியையும் கண்டார்கள். வித்தியாசம் எதில் என்று அவர்கள் ஊகித்தது தவறிப்போயிற்று. ஒரு பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும்தான் அது என்று 1950களில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் கண்டார்கள். 1992இல் அதற்கு அவர்களுக்கு நோபல். கெர்ட்டிக்கு வேறொரு ஆய்வுக்காக 1947இல் கணவரோடு சேர்ந்து நோபல் கிடைத்தது. அந்த வருடம்தான் அவருடைய பல்கலைக்கழகம் அவரை முழுப் பேராசிரியர் ஆக்கியது. ஆர்டா கிரீனை நம் பாடப்புத்தகங்களில் தேடினால் கிடைக்கமாட்டார்.

மாணவிகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு கட்டுரையையோ நூலையோ எடுத்தால் இரண்டாவது பெயரையும் படியுங்கள். முன்னுரையில் நன்றி சொல்லப்பட்ட பெயரைப் படியுங்கள். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். அச்சு யாருடையது என்று எல்லோரும் கேட்பார்கள். வேகவைத்தது யார் என்று நாம் கேட்க வேண்டும்.

எங்கள் தமிழிலும் ஒரு நெல்லிக்கனி உண்டு. நீண்ட ஆயுள் தரும் என்று சொல்லப்பட்ட அரிய கனியை அதியமான் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். புறநானூற்றில் ஔவை அதைப் பாடியிருக்கிறார். ஒரு பெண்ணுக்கு, அதுவும் கவிஞருக்கு, நல்ல பழம் முதலில் போன கதை நமக்கு இரண்டாயிரம் வருடமாக நினைவில் இருப்பதற்குக் காரணம், அது அவ்வளவு அபூர்வம் என்பதாகவும் இருக்கலாம்.

மருந்துக்கடைக்கு மறுபடி போனேன். மாத்திரை தீர்ந்திருந்தது. பையன் டப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. வெளியே பிளாட்பாரத்தில் சாக்கை விரித்து ஒரு அம்மா நெல்லிக்காயைக் கூறு கட்டி வைத்திருந்தார். கூறு இருபது ரூபாய். இரண்டு கூறு வாங்கினேன். அவர் கை நீட்டியபோது விரல் கணுக்களில் வெடிப்பும் காயமும் இருந்தன.

"நீங்க இதச் சாப்பிடுவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது விக்கிறதுக்குத் தாயி. மிஞ்சுச்சுன்னா வீட்டுல பிள்ளைக திங்கும்."

ஒரு கூறை அவர் மடியில் வைத்துவிட்டு, ஒன்று இப்போதே தின்னச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கடித்தார். கடித்த இடத்தில் லேசாக ரத்தம் தெரிந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடிச்சா இனிக்கும்" என்றார், எனக்குத் தெரியாதது போல.